ஒரு வாசல், 12,000 தோட்டா, 3 கோடிப் பவுண்டு

மேல்விஷாரத்தில் காலையில் கிளம்பி ஆற்காடு, ராணிப்பேட்டை, வேலூர் என்று மூன்று ஊரைப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்ப ஆகும் தூரம் சுமார் 60 கிலோமீட்டர். ஒரு வேன், 20 பேர், ஒரு பகல் போதும். நவாபுகளின் தலைநகரம் ஒன்று, 50 நாள் முற்றுகை ஒன்று, 1806 சிப்பாய்ப் புரட்சி, தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்ற இடம் என எல்லாமே இந்தச் சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

வேனை விட்டு இறங்கினால்தான் சிக்கல். வேலூர்க் கோட்டையை விட்டால் மற்ற இடங்களில் காட்டுவதற்குக் கல் இல்லை. ஆற்காட்டில் ஒரு வாசல், சில தர்காக்கள், சில கல்லறைகள், பாலாற்று மணல். மீதியெல்லாம் கணக்கேடுகளில் இருக்கிறது. ஆகவே இந்தப் பக்கத்தில் சரித்திரச் சுற்றுலா நடத்துகிறவர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது வேன் வாடகையை அல்ல, அந்த எண்களைச் சொல்லத் தெரிந்த ஆளுக்கு ஆகும் கூலியை. அது எவ்வளவு என்று கடைசியில் கூட்டிப் பார்ப்போம். அதற்கு முன் ஊர் ஊராகப் பேரேட்டைப் புரட்டலாம்.

எல்லைப்புறம் ஏன் இங்கே வந்தது

ஔரங்கசீப்பின் படை செஞ்சிக் கோட்டையை 1690இல் வளைத்தது. கோட்டை விழுந்தது 1698இல். ஒரு கோட்டைக்கு 8 வருஷம். இப்படி மொகலாய அரசின் தென்கோடி எல்லை தமிழ் நாட்டுக்குள் வந்து சேர்ந்தது. புதிதாகப் பிடித்த சீமையை ஆள வந்தவர்கள் செஞ்சியில் தங்கவில்லை. 1703 முதல் 1710 வரை நவாபாக இருந்த தாவூத் கான் காலத்தில் இருப்பிடம் பாலாற்றங்கரை ஆற்காட்டுக்கு நகர்ந்தது. அடுத்து வந்த சாதத்துல்லா கான், 1710 முதல் 1732 வரை 22 வருஷம் ஆண்டு, அதை முழுத் தலைநகரமாக்கினார். திப்பு மஸ்தான் அவுலியா தர்காவை அவர் கட்டியது 1729இல். பிற்பாடு மைசூர்ச் சீமையில் பிறந்த ஒரு பிள்ளைக்குத் திப்பு என்று பெயர் வந்தது இந்த அவுலியாவின் நினைவாகத்தான்.

எல்லை நகரத்தில் படை இருக்கும், படைக்குச் சம்பளம் வேண்டும், சம்பளத்துக்கு நாணயம் வேண்டும். ஆற்காட்டு ரூபாய்க்குச் சீமை முழுவதும் மதிப்பு இருந்ததால், அதைத் தாங்களும் அச்சடிக்க வெள்ளைக்காரர்கள் அனுமதி கேட்டு நின்றார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதுச்சேரியில் அச்சடிக்க 1736இல் கிடைத்தது, ஆங்கிலேயர்களுக்கு 1742இல்.

நவாப் முகம்மது அலி 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். ஆக, ஆற்காடு தலைநகரமாக இருந்த காலம் மொத்தம் 60 வருஷத்துக்குக் கொஞ்சம் கூட. இன்றைய கணக்கில் இரண்டு தலைமுறை.

ஆற்காடு: ஆள் கணக்கு

முதல் நிறுத்தம் டெல்லி வாசல். ஆற்காட்டுக் கோட்டையில் மிஞ்சியது இது ஒன்றுதான். மதிலைத் திப்பு 1783இல் வெடி வைத்துத் தகர்த்தார். அதற்கு 32 வருஷம் முன்னால் அந்த மதிலுக்குள் நடந்ததை, கிழக்கிந்தியக் கம்பெனியின் சரித்திர ஆசிரியர் ராபர்ட் ஓர்ம் எண்களோடு எழுதி வைத்திருக்கிறார்.

1751 ஆகஸ்ட் 26: கம்பெனிப் படையோடு ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து ஆற்காட்டுக்குப் புறப்பட்ட நாள்.
ஐரோப்பியர்: 200
சிப்பாய்கள்: 300
அதிகாரிகள்: 8. இதில் 6 பேர் அதுவரை சண்டையே பார்க்காதவர்கள். 4 பேர் கம்பெனியின் குமாஸ்தா வேலையை விட்டு வந்தவர்கள்.
சிறு பீரங்கி: 3
நவாப் பதவிக்கு முகம்மது அலியோடு போட்டியிட்ட சந்தா சாகிப்பின், சண்டை போடாமலே கோட்டையை விட்டு ஓடிய காவல்படை: 1,100
கோட்டையில் கிடைத்த பீரங்கி: 8
வியாபாரிகள் பத்திரத்துக்காகக் கோட்டைக்குள் வைத்திருந்த சரக்கு: 50,000 பவுண்டு பெறும்.

ஒரு வராகனுக்கு 8 ஷில்லிங் என்ற அக்கால விகிதத்தில் 50,000 பவுண்டு என்பது 1,25,000 வராகன். அந்தச் சரக்கை உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். தர்மம் என்று மட்டும் இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 500 பேரோடு ஒரு லட்சம் ஜனத்துக்கு நடுவில் உட்காரப் போகிறவன், அந்த ஊர்க் கடைவீதியைப் பகைத்துக்கொள்ள மாட்டான்.

ஒரு லட்சம் என்பதும் ஓர்ம் சொன்ன எண்தான். கிளைவின் படை தெருவில் வரும்போது அத்தனை பேர் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். 2011 கணக்கெடுப்பில் ஆற்காட்டின் மக்கள்தொகை சுமார் 56 ஆயிரம், மேல்விஷாரத்தின் தொகை சுமார் 45 ஆயிரம். இரண்டு நகராட்சியையும் கூட்டினால் இன்றைக்குத்தான் அந்த ஒரு லட்சம் வருகிறது. ஓர்ம் கொஞ்சம் தாராளமாக எண்ணியிருக்கலாம். பாதியாகக் குறைத்தாலும், இன்றைய ஆற்காட்டு நகராட்சி அளவுக்கு அப்போதே ஜனம் இருந்தது என்று ஆகும்.

முற்றுகை செப்டம்பர் கடைசியில் தொடங்கி, 50 நாள் நீடித்து, நவம்பர் நடுவில் முடிந்தது. கோட்டைக்குள் இருந்த சாப்பாடு 60 நாளுக்கு. வெளியே சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்புடன் சுமார் 10,000 பேர், அதில் பிரெஞ்சுக்காரர் 150. உள்ளே கடைசி நாளில் எழுந்து நிற்கத் தெம்பிருந்தவர்கள் ஐரோப்பியர் 80, சிப்பாய்கள் 120, ஆக 200.

கோட்டையின் சுற்றளவு ஒரு மைலுக்கு மேல், அதாவது 1,600 மீட்டருக்குக் குறையாது. அதை 200ஆல் வகுத்தால் 8 மீட்டருக்கு ஒருவர். வழிகாட்டி இதை வாயால் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. டெல்லி வாசல் பக்கத்தில் 8 மீட்டர் கயிறு ஒன்றை நீட்டி, இரண்டு முனையிலும் இரண்டு பையன்களை நிறுத்த வேண்டும். இடையில் இன்னும் ஆறேழு பேர் தாராளமாக நிற்கலாம். ஆனால் யாரும் இல்லை. இரண்டு இடத்தில் மதில் உடைந்திருக்கிறது, அகழி சில இடத்தில் வற்றியும் சில இடத்தில் தூர்ந்தும் கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால், “எப்படி சார் தாங்கினாங்க?” என்ற கேள்வி தானாக வரும்.

அதற்குப் பதிலும் ஓர்மிடம் எண்ணாகவே இருக்கிறது. முஹர்ரம் துக்க நாட்களில் ஒரு விடியற்காலையில் கடைசித் தாக்குதல் வந்தது. நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளை வாசல் கதவை இடிக்க ஓட்டி வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் மிரண்ட யானைகள் திரும்பித் தங்கள் படையையே மிதித்தன. அகழியில் தெப்பம் விட்டு 70 பேர் கடக்கப் பார்த்தார்கள். எல்லாம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணியில் உள்ளே இருந்தவர்கள் சுட்ட தோட்டா 12,000. தலைக்கு 60, நிமிஷத்துக்கு ஒன்று. இதற்கு மேல் 5 பீரங்கிகளையும் அவர்களே இயக்கியிருக்கிறார்கள். வெளியே செத்தவர்களும் காயம்பட்டவர்களும் சுமார் 400. உள்ளே செத்தவர்கள் 4 ஐரோப்பியர். காயம்பட்டவர்கள் 2 சிப்பாய்கள்.

ராணிப்பேட்டை: உதைக்கும் கணக்குகள்

பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ராணிப்பேட்டை. ஆற்றங்கரையில் ராஜா ராணி நினைவிடம். செஞ்சியின் தேசிங்கு ராஜா, நவாபுக்குக் கட்ட வேண்டிய பாக்கித் தகராறில் சாதத்துல்லா கான் படையோடு மோதி 1714இல் இறந்தார். வயது 22 என்பார்கள். உடன்கட்டை ஏறிய ராணியின் நினைவாக நவாபே உண்டாக்கிய ஊர் இது என்பது நம் பக்கத்து வரலாறு.

இங்கே சுற்றுலாவில் வருகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு கொடுக்கலாம். ஊர் உண்டானது 1771 வாக்கில் என்று பல குறிப்புகளில் அச்சாகியிருக்கிறது. உண்டாக்கியவர் சாதத்துல்லா கான் என்றும் அதே வரியில் இருக்கும். அவர் இறந்தது 1732. 39 வருஷம் உதைக்கிறது. வருஷம் தப்பா, நவாப் தப்பா என்று பிள்ளைகளே விவாதிக்கட்டும். நினைவுப் பலகையில் இருப்பதை அப்படியே நம்பாமல் கழித்துப் பார்க்கும் பழக்கம் அங்கே பிடிபட்டால், அந்த நிறுத்தத்தின் செலவு வசூலாகிவிட்டது.

பக்கத்திலேயே இரண்டாவது கணக்கு, நவ்லாக். நவாப் காலத்து மாந்தோப்பு. 9 லட்சம் மரம் இருந்ததாகப் பேச்சு. ஏக்கருக்கு 40 மாமரம் என்று நெருக்கமாக வைத்தாலும் 9 லட்சம் மரத்துக்கு 22,500 ஏக்கர் வேண்டும். 133 ஏக்கர் வேலூர்க் கோட்டையை 169 முறை உள்ளே வைக்கலாம். தோப்பு பெரிதாக இருந்திருக்கும். 9 லட்சம் மட்டும் இருந்திருக்காது.

ராணிப்பேட்டையை அடுத்த வாலாஜா ரோடு நிலையத்தையும் விட்டுவிட வேண்டாம். 1856 ஜூலை 1இல் சென்னை ராயபுரத்திலிருந்து பொதுமக்களுக்காக ஓடிய முதல் ரயில் இதுவரைதான் வந்தது. தூரம் 63 மைல். பீரங்கி இழுத்து நாள்கணக்கில் நடந்த வழியை இருப்புப் பாதை மணிக்கணக்கில் சுருக்கிவிட்டது. படை இருந்த ஊர்கள் சரக்கு அனுப்பும் ஊர்களாக மாறியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

வேலூர்: 25 கிலோமீட்டர், ஒரு விடியற்காலை

வேலூர்க் கோட்டையில் மட்டும் கல் பேசும். விஜயநகரக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது. பரப்பு 133 ஏக்கர். மதிலும் அகழியும் முழுசாக இருக்கின்றன. ஜலகண்டேஸ்வரர் கோயில், பள்ளிவாசல், 1846ஆம் வருஷத்து தேவாலயம் மூன்றும் ஒரே மதிலுக்குள். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்த கோயிலில் லிங்கம் மறுபடி வந்தது 1981இல். திப்பு 1799இல் இறந்தபின் அவர் குடும்பத்தைக் கம்பெனி வைத்திருந்ததும் இங்கேதான். கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனும் இங்கே காவலில் இருந்து 1832 ஜனவரி 30இல் இறந்தார். எல்லைப்புறத்தில் தோற்றவர்களை அடைத்து வைக்கும் இடமாக இந்தக் கோட்டை ஆகியிருந்தது.

1806 ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகள் கல்யாணம். 10ஆம் தேதி அதிகாலை 2 மணி வாக்கில் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டையில் சிப்பாய்கள் சுமார் 1,500. 69ஆம் ரெஜிமெண்ட் வெள்ளைக்காரர்கள் சுமார் 370. புதுத் தலைப்பாகையும், நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாது என்ற உத்தரவும் பிடிக்காமல் மூண்ட நெருப்பு அது. செய்தி 16 மைல் தள்ளி ஆற்காட்டுக் குதிரைப்படை முகாமுக்குப் போனது. கர்னல் கில்லஸ்பி 25 கிலோமீட்டரைக் குதிரையில் கடந்து காலை 9 மணிக்குள் வந்துவிட்டார். கதவு திறக்காததால் கயிற்றைப் பிடித்து மதிலேறினார். பீரங்கி வந்து வாசல் உடைந்ததும் முற்பகலுக்குள் எல்லாம் முடிந்தது.

வெள்ளைக்காரர் தரப்பில் சாவு 100க்கு மேல். சிப்பாய்கள் தரப்பில் குறைந்த மதிப்பீடே சுமார் 350. ஒன்றுக்கு மூன்று. அதிலும் ஒரு பகுதி சண்டையில் விழுந்ததல்ல, பிடிபட்ட பிறகு சுட்டது. 1857க்கு 51 வருஷம் முந்தியது என்று பெருமையோடு சொல்வதோடு இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

கடன் பத்தி

எல்லைப்புறத்துக்கு ஆன மொத்தச் செலவை எந்த மதிலிலும் பார்க்க முடியாது. திரும்பி வரும் வழியில், வேனுக்குள்ளேயே சொல்ல வேண்டிய பகுதி இது. படையை வைத்துக் காப்பாற்றியதற்குக் கம்பெனி நவாபிடம் பணம் கேட்டது. நவாப் கம்பெனியின் ஊழியர்களிடமே கடன் வாங்கிக் கம்பெனிக்குக் கட்டினார். கடனுக்கு ஈடாக ஊர்களின் வரி வசூல் உரிமை கைமாறியது. 1784இல் லண்டன் அரசு ஒப்புக்கொண்ட கடன்கள் மூன்று:

1767ஆம் வருஷக் கடன்: 8,80,000 பவுண்டு
குதிரைப்படைக் கடன்: 1,60,000 பவுண்டு
1777ஆம் வருஷக் கடன்: 24,00,000 பவுண்டு
ஆக மொத்தம்: 34,40,000 பவுண்டு, அதாவது 86 லட்சம் வராகன்.

இதை அடைக்க நவாபின் கர்நாடகச் சீமை வருமானத்திலிருந்து வருஷத்துக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்கச் சொன்னார்கள். வட்டியே இல்லை என்று வைத்தாலும் 7 வருஷத்துக்கு மேல் இழுக்கும்; வட்டி இருந்தது. கம்பெனியில் வருஷம் சில நூறு பவுண்டு சம்பளக்காரரான பால் பென்ஃபீல்டு, நவாபிடமும் தஞ்சாவூர்ச் சீமையிலும் தனக்கு 2,34,000 பவுண்டு வர வேண்டும் என்று 1776இல் கேட்டார். 1785 பிப்ரவரி 28இல் எட்மண்ட் பர்க் லண்டன் பாராளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசிய பேச்சு இன்றும் படிக்கப்படுகிறது.

1801இல் கம்பெனி சீமையை எடுத்துக்கொண்டு, நவாபுக்கு நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று ஒப்பந்தம் போட்டது. அப்போது, “எனக்கும் பாக்கி, உனக்கும் பாக்கி” என்று புதுக் கடன்காரர்கள் கிளம்பினார்கள். அவர்களை விசாரிக்க 1805இல் உட்கார்ந்த கமிஷன் எழுந்திருக்க 25 வருஷம் ஆயிற்று. வந்த கோரிக்கைகள் 3 கோடிப் பவுண்டுக்கு மேல். நியாயம் என்று ஏற்றது சுமார் 27 லட்சம். நூற்றுக்கு 9கூட நிற்கவில்லை.

கிளைவின் 12,000 தோட்டாவைப் பள்ளிக்கூடப் புத்தகம் ஏதாவது ஒரு வடிவில் சொல்லிவிடும். அந்தத் தோட்டாவுக்கான விலையை விதைத்து அறுத்து வரியாகக் கட்டியவர்கள் பாலாற்றுக் கரைக் குடியானவர்கள் என்பதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

மேல்விஷாரம்: தண்ணீர்க் கணக்கு

சுற்றுலா முடியும் ஊரும் இதே கணக்கேட்டின் அடுத்த பக்கம்தான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட கைகளுக்கு ஆறு தண்ணீர் கொடுத்தது. ரயில் சென்னைத் துறைமுகத்துக்கு வழி கொடுத்தது. தோல் வியாபாரத்தில் வளர்ந்த சி. அப்துல் ஹக்கீம் (1863–1938) இந்த ஊர்க்காரர். மேல்விஷாரம் முஸ்லிம் கல்விச் சங்கம் 1918இல் தொடங்கியது. அப்துல் ஹக்கீம் பெயரில் கல்லூரி வந்தது 1965இல். தொழிலின் வரவுப் பத்தி இது.

பற்றுப் பத்தியை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் எழுதியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர். தொழில் வட்டாரத்தில் முழுதாகவோ பாதியாகவோ விளைச்சலுக்கு ஆகாமல் போன நிலம் சுமார் 35,000 ஹெக்டேர். ஐந்து மாவட்டங்களில் 900க்கு மேற்பட்ட தொழிற்சாலைகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். 900 என்றே வைத்தால் 90 லட்சம் ரூபாய். அதை 35,000 ஹெக்டேருக்குப் பங்கிட்டால் ஹெக்டேருக்கு 257 ரூபாய். நஷ்டஈடு தனியாகக் கணக்கிட்டு வசூலிக்க வேண்டும் என்றும் தீர்ப்பு சொன்னது. இது அபராதம் மட்டும். ஆனாலும் அந்த 257ஐப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நவாப் காலத்தில் நிலம் சண்டைக்குக் கட்டியது; நம் காலத்தில் செருப்புக்குக் கட்டுகிறது.

ஐந்தொகை

இனி ஒரு நாள் சுற்றுலாவின் செலவு. இவை விலைப்பட்டியல் அல்ல. திட்டம் போடுவதற்காக நாமாக வைத்துக்கொள்ளும் தொகைகள். உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். விகிதம் பெரிதாக மாறாது.

வேன், 60 கி.மீ.: 5,000 ரூபாய்
சாப்பாடு, 20 பேருக்கு 150 வீதம்: 3,000
தண்ணீர்: 200
வழிகாட்டி: 2,000
எண்களை அச்சடித்த தாள், 20க்கு 10 வீதம்: 200
ஆக மொத்தம்: 10,400. தலைக்கு 520.

நேரம் காலை 9 முதல் மாலை 5 வரை, 8 மணி. மணிக்கு 30 கி.மீ. என்று ஓட்டினால் சாலையில் 2 மணி. ஆற்காட்டுக்கு 2, ராணிப்பேட்டைக்கு 1, வேலூருக்கு 2, சாப்பாட்டுக்கு 1. கணக்கு நேராகிவிடும்.

ஆம்பூரையும் சேர்க்கலாமே என்று யாராவது கேட்பார்கள். ஆசை நியாயமானது. 1749 ஆகஸ்ட் 3இல் சுமார் 20,000 பேரோடு நின்ற நவாப் அன்வருத்தீன், சந்தா சாகிப்பும் முசாபர் ஜங்கும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்த படையிடம் தோற்று உயிர்விட்ட களம் அது. அடுத்த 10 வருஷச் சண்டைக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான் விழுந்தது. ஆனால் போக வர கூடுதலாகச் சுமார் 100 கி.மீ., மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒரே நாளில் திணித்தால் டெல்லி வாசலில் கயிறு நீட்ட நேரம் இருக்காது. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

செலவைக் குறைக்கச் சொன்னால் எல்லோரும் முதலில் அடிப்பது வழிகாட்டியையும் தாளையும்தான். அடித்தால் தலைக்கு 110 ரூபாய் மிச்சம். வேனும் சாப்பாடும் அப்படியே இருக்கும். 410 ரூபாய் கொடுத்து ஒரு வாசலையும் சில கல்லறைகளையும் பார்த்துவிட்டு வருவார்கள். 60 கிலோமீட்டரில் வேலூர் ஒன்றைத் தவிர வேறு எங்கும் கல் இல்லாத சீமையில் அந்த 110தான் உண்மையான டிக்கெட். மற்ற 410 போக்குவரத்தும் சோறும்.

மாதத்துக்கு இரண்டு நடை என்றால் வருஷத்துக்கு 24 நடை, 480 பேர். வழிகாட்டிக்கு 48,000 ரூபாய், தாளுக்கு 4,800. வரலாறு படித்துவிட்டு வேலை தேடும் இரண்டு பட்டதாரிகளுக்கு வார இறுதி வருமானம். சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளுக்கு ஒரு பாடம். பள்ளி நிர்வாகங்களும் ஜமாஅத்துகளும் தோல் வியாபாரிகளும் நகராட்சியும் பங்கு போட்டால் ஆளுக்கு 13,200 வரும். வேன் வாடகையைப் பெற்றோர் கொடுப்பார்கள். இந்த 52,800ஐ மட்டும் ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.